மூளையில் இல்லாத மூளைநோய்

லிச்சிப் பழம் சாப்பிட்டிருக்கிறீர்களா? சொரசொரப்பான சிவப்புத் தோலை உரித்தால், உள்ளே நுங்கைப் போல வெண்மையான சதை இருக்கும். நம் பக்கத்தில் இது அதிகம் விளைவதில்லை. பீகார் மாநிலத்தின் முசாபர்பூர் மாவட்டமோ லிச்சித் தோப்புகளுக்கே பெயர் போனது. மே மாதத்தின் நடுவில் அங்கே அறுவடை தொடங்கும். தோப்பு நிறையப் பழம், மரத்தடி நிறையக் குழந்தைகள்.

1995ஆம் ஆண்டு முதல், ஏறக்குறைய ஆண்டுதோறும் இதே பருவத்தில் அந்த மாவட்டத்தை ஒரு கொடிய நோய் பிடித்துக் கொண்டது. முந்தின மாலை வரை ஓடியாடிய குழந்தைக்கு மறுநாள் விடியற்காலையில் திடீரென்று வலிப்பு கண்டுவிடும். கண் செருகும், நினைவு தப்பும். மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகளில் பலர் திரும்பி வரவில்லை. மழை விழுந்து லிச்சிப் பருவம் முடிந்ததும் நோயும் மறைந்துவிடும். அடுத்த மே மாதம் மீண்டும் வரும்.

வலிப்பும் மயக்கமும் மூளை கெட்டதன் அறிகுறிகள். ஆகவே இது மூளைக்காய்ச்சல், ஏதோ ஒரு வைரஸ் மூளைக்குள் புகுந்து வீக்கத்தை உண்டாக்குகிறது என்றே பலரும் எண்ணினர். அப்படி எண்ணியதில் தவறில்லை; கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அந்தப் பகுதிக்குப் புதிதன்று. ஆனால் ஆண்டுக்கணக்காகத் தேடியும் அந்தக் குழந்தைகளிடம் எதிர்பார்த்த வைரஸ் அகப்படவில்லை.

துப்பறியும் கதைகளில் வருவதைப் போல இந்த நோயிலும் சில துப்புகள் கண்ணெதிரே கிடந்தன. பல குழந்தைகளுக்கு நோய் தொடங்கும்போது காய்ச்சலே இல்லை. முதுகெலும்பில் ஊசி செலுத்தி எடுத்த தண்டுவட நீரைச் சோதித்தபோது அது தெளிவாக இருந்தது. மூளையில் கிருமி புகுந்து வீங்கியிருந்தால், அதை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் அந்த நீரில் மலிந்திருக்க வேண்டும் அல்லவா? அவை இல்லை. நோய் கும்பலாகத் தாக்கவும் இல்லை. ஊருக்கு ஒரு குழந்தை என்பது போலச் சிதறிக் கிடந்தது. எல்லாவற்றையும்விட விந்தை, அது விடியற்காலையில் வந்தது. எந்த வைரஸ் கடிகாரம் பார்த்து வரும்?

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு சிறு கணக்குப் போடுவோம். காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உண்டு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 80 மில்லி கிராம் குளுக்கோஸ் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அப்படியானால் மொத்த இரத்தத்திலும் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கும்? 4 கிராம்! காப்பிக்குப் போடும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைதான். மூளையின் தேவை என்ன? ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம், அதாவது மணிக்கு 5 கிராம். வேறு எந்த உறுப்பும் ஒரு துளிகூடத் தொடவில்லை என்று வைத்துக் கொண்டாலும், இரத்தத்தில் உள்ள சர்க்கரை மூளைக்கு ஒரு மணி நேரத்துக்குக் காணாது.

உடலின் எடையில் மூளை 50இல் ஒரு பங்குதான். ஆனால் நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக் கொள்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கோ உடல் சிறியது, மூளை மட்டும் ஏறக்குறையப் பெரியவர்களின் அளவை எட்டிவிட்டது. அந்த வயதில் ஓய்வுநிலைச் செலவில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு செலவு செய்யும் மூளை தனக்கென்று சேமித்து வைப்பது சில நிமிடங்களுக்குக்கூடப் போதாது. தசையைப் போலக் கொழுப்பை நேராக எரித்துப் பிழைக்கவும் அதற்கு வழியில்லை. அன்றாடம் கடைக்குப் போய் அரிசி வாங்கிப் பொங்கும் வீட்டைப் போன்றது அதன் பிழைப்பு.

அப்படியானால் இரவெல்லாம் நாம் உண்ணாமல் தூங்கும்போது மூளைக்குப் படியளப்பது யார்? கல்லீரல். பகலில் உண்ட உணவில் மிஞ்சிய குளுக்கோஸைக் கிளைகோஜன் என்னும் பொருளாக அது கட்டி வைத்திருக்கிறது. இரவில் அதை உடைத்து உடைத்து இரத்தத்தில் விடுகிறது. விடியும் நேரத்தில் இந்தக் குதிர் காலியாகும் நிலைக்கு வரும். அப்போது கல்லீரல் தன் இரண்டாவது வேலையைத் தொடங்கும். புரதத்தின் சிதைவுப் பொருள்கள் போன்றவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸைத் தயாரிக்கும். அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய ஆற்றலைக் கொழுப்பை எரித்துப் பெறும். கொழுப்பை எரிக்கும்போது கீட்டோன் என்ற பொருள்களும் கிடைக்கும். குளுக்கோஸ் குறையும்போது மூளை அவற்றையும் எரிபொருளாகக் கொள்ளும்.

குழந்தையின் கல்லீரல் சிறியது. அதன் குதிரும் சிறியது. அந்தக் குழந்தை சோற்றுக்கு வாடியதாகவும் இருந்து, முந்தின இரவு உண்ணாமலும் படுத்துவிட்டால், குதிர் விடியும் முன்பே காலி. இனி இரண்டாவது வழிதான் கதி. அந்த வழியை யாராவது அடைத்துவிட்டால்?

இப்போது ஜமைக்காத் தீவுக்குப் போவோம். அங்கே ஆக்கி என்றொரு பழம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஜமைக்காவின் தேசியப் பழமும் அதுதான். பழுத்துத் தானாக வெடித்த ஆக்கி நல்ல உணவு. காயாக இருக்கும்போது பறித்துத் தின்றவர்கள் கடுமையாக வாந்தியெடுத்து, வலிப்பு கண்டு, உணர்விழந்து இறந்தார்கள். ஜமைக்கா வாந்தி நோய் என்றே இதற்குப் பெயர். 1954ஆம் ஆண்டில் அந்தத் தீவின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஹாசல், ரெய்ல் என்ற இரு அறிஞர்கள் ஆக்கியிலிருந்து நச்சைப் பிரித்தெடுத்தார்கள். இரத்தச் சர்க்கரையை அது வீழ்த்துவதால் ஹைப்போகிளைசின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலில் கொழுப்பை எரிக்கும் நொதிகளைச் செயலிழக்கச் செய்வதுதான் அதன் வேலை என்பது பின்னால் விளங்கிற்று. கொழுப்பு எரியாவிட்டால் புதுக் குளுக்கோஸ் இல்லை, கீட்டோனும் இல்லை.

ஆக்கியும் லிச்சியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உங்கள் பாட்டி பட்டுப்புடவை துவைக்க வைத்திருக்கும் பூந்திக்கொட்டையும் அதே குடும்பம்தான்! ஹைப்போகிளைசினுக்கு நெருங்கிய உறவான இன்னொரு நச்சு லிச்சி விதையில் இருப்பதை 1962ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அந்தத் தாவர வேதியியல் கட்டுரையும் முசாபர்பூர் மருத்துவமனைக் கட்டிலும் ஐம்பது ஆண்டுகள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அறிவியலில் இப்படிப்பட்ட பிரிவுகள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இரண்டையும் முடிச்சுப் போட்டவர்களில் ஒருவர் நம் வேலூர்க்காரர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்ற வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான். வாழ்நாள் முழுவதும் வைரஸ்களை ஆராய்ந்த ஒருவர், "இது வைரஸ் அன்று" என்று சொன்னதை எண்ணிப் பாருங்கள். மூளை வீங்குவது வேறு, மூளை செயலிழப்பது வேறு. இந்தக் குழந்தைகளுக்கு நேர்ந்தது இரண்டாவது என்பது அவருடைய வாதம். நச்சியல் அறிஞர் முகுல் தாசும் அவரும் 2014ஆம் ஆண்டில், லிச்சியில் உள்ள நச்சே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள்.

அதே காலத்தில் இந்தியாவின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து இதை ஆராய்ந்து கொண்டிருந்தன. 2014ஆம் ஆண்டுப் பருவத்தில் முசாபர்பூரின் இரண்டு மருத்துவமனைகளில் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். 122 பேர் இறந்தார்கள். வந்தவுடன் இரத்தச் சர்க்கரை பார்க்கப்பட்ட 327 குழந்தைகளில் 204 பேருக்கு அது 70 மில்லி கிராமோ அதற்கும் கீழோ இருந்தது. நோயுற்ற 104 குழந்தைகளையும், அதே வயதில் வேறு காரணத்துக்காக வந்த 104 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். நோயுற்றவர்கள் முந்தின 24 மணி நேரத்தில் லிச்சி உண்டிருந்தது மிகுதியாகத் தெரிந்தது. மாலை உணவு உண்ணாத குழந்தைகளிடம் லிச்சியின் தீங்கு இன்னும் பெருகியிருந்தது. நோயுற்றவர்களில் 73 பேரின் சிறுநீரைச் சோதித்ததில் 48 பேரிடம் அந்த நச்சுகளின் எச்சம் கிடைத்தது. ஒப்பீட்டுக்காகச் சோதித்த 15 பேரில் ஒருவரிடமும் இல்லை. இந்த முடிவுகள் 2017ஆம் ஆண்டில் வெளிவந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். லிச்சி விஷப் பழம் என்று யாரும் ஓட வேண்டியதில்லை. வயிறார உண்ணும் குழந்தை நாலு பழம் தின்றால் அதன் கல்லீரல் பொருட்படுத்தாது. அதே தோப்பில், அதே மரத்தடியில் விழுந்த பழத்தை, இரவுச் சோறு இல்லாத குழந்தை பகலெல்லாம் தின்றால்தான் ஆபத்து. நச்சு பழத்தில் இருந்தது உண்மை. ஆனால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது பசி.

ஆய்வாளர்கள் சொன்ன மருந்தும் எளியதுதான். லிச்சிப் பருவத்தில் குழந்தைகள் பழத்தைக் குறைத்துத் தின்ன வேண்டும். இரவில் உணவு கொடுத்துப் படுக்க வைக்க வேண்டும். நோயுற்ற குழந்தை வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பார்த்து, நரம்பு வழியாகக் குளுக்கோஸ் செலுத்த வேண்டும். அடுத்து வந்த சில ஆண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. ஆனால் 2019ஆம் ஆண்டுக் கோடையில் அந்த மாவட்டத்திலும் சுற்றிலும் நோய் மீண்டும் சீறி, நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு போயிற்று. கடும் வெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டா, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே காரணம்தானா என்ற வாதங்கள் அறிஞர்களிடையே உண்டு. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், தாழ்ந்த சர்க்கரையை உடனே உயர்த்துவது குழந்தைக்கு நல்லது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கல்லீரல் மூளைக்குப் படியளப்பதோடு நிற்பதில்லை. அதற்குக் காவலும் இருக்கிறது. இதைக் காட்டிய சோதனை மிகப் பழையது.

1877ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கலாய் எக் என்ற இராணுவ மருத்துவர் நாய்களிடம் ஓர் அறுவை செய்தார். குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் ஒரு பெரிய சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் போய், அங்கே சுத்தமாகி, பிறகே இதயத்துக்குச் செல்லும். எக் அந்தச் சிரையைக் கல்லீரலுக்குள் போக விடாமல், நேரே இதயத்துக்குச் செல்லும் பெருஞ்சிரையோடு இணைத்துவிட்டார். எட்டு நாய்களில் ஒன்றுதான் நிலைத்துப் பிழைத்தது. அதுவும் இரண்டரை மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து ஓடிப் போய்விட்டதாம்! (அதன் நிலையில் நீங்களும் நானும் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.)

1893ஆம் ஆண்டில் அதே நகரில் பாவ்லோவும் அவர் தோழர்களும் இந்த அறுவையைத் திருத்தமாகச் செய்தார்கள். மணியோசை கேட்டு எச்சில் ஊறிய நாய் என்று பாடத்தில் படிக்கிறீர்களே, அந்தப் பாவ்லோவ்தான். அறுவை செய்த நாய்களிடம் விந்தையான மாற்றங்கள் தோன்றின. சாதுவான நாய் முரடாகியது. சில நாய்கள் தள்ளாடின; கண் தெரியாமல் சுவரில் முட்டின; வலிப்பு கண்டு மயங்கின. இறைச்சி தின்ற பிறகு இவை மிகுந்தன. யாரும் அந்த நாய்களின் மூளையைத் தொடவில்லை.

காரணம் அம்மோனியா. புரதம் சிதையும்போதும், குடலில் உள்ள பாக்டீரியாக்களின் செயலாலும் அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதைப் பிடித்து, தீங்கு குறைந்த யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடும். கல்லீரல் சுருங்கிக் கெட்டுப் போனாலோ, இரத்தம் அதைச் சுற்றிக் கொண்டு வேறு வழியாகப் போனாலோ, அம்மோனியா மூளையை எட்டும். அங்கே நரம்புச் செல்களுக்குத் துணையாக நிற்கும் விண்மீன் வடிவச் செல்கள் அதை உறிஞ்சிக் குளுட்டமின் என்ற பொருளாக மாற்றும். அது செல்லுக்குள் சேரச் சேர நீர் புகுந்து செல் உப்பும். சேதி பரிமாறும் நரம்புகளின் ஒழுங்கு குலையும்.

இந்த நோயாளியிடம் முதலில் தெரிவது மயக்கமன்று. பகலில் தூங்குவார், இரவில் விழித்திருப்பார். முத்து முத்தாக எழுதியவரின் கையெழுத்து கோணலாகும். கூட்டல் கணக்குத் தப்பும். பொறுமைசாலி எரிந்து விழுவார். இதைக் காணும் வீட்டார், "வயசாகிவிட்டது" என்றோ, "எல்லாம் பிடிவாதம்" என்றோ எண்ணுவார்கள். மருத்துவர் ஒரு சோதனை செய்வார். கைகளை நீட்டி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவது போல மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொல்வார். நோயாளியின் கை ஒரு கணம் தொய்ந்து விழும், மீண்டும் நிமிரும், மீண்டும் விழும். பறவை சிறகடிப்பது போல. நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளுக்கு மூளையின் கட்டளை நொடியின் ஒரு பகுதிக்கு அறுந்து போவதே காரணம். பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் ஆடம்ஸ், ஃபோலி ஆகியோர் 1949ஆம் ஆண்டில் இதை விளக்கி எழுதினார்கள். நுரையீரல் நோயிலும் சிறுநீரக நோயிலும்கூடக் கை இப்படித் தொய்வதுண்டு.

இதற்குத் தரும் மருந்து மூளைக்கானதே அன்று என்பது வேடிக்கை. 1966ஆம் ஆண்டு முதல் பயன்பட்டு வரும் லாக்டுலோஸ் என்னும் இனிப்புப் பாகு குடலில் மட்டுமே வேலை செய்கிறது. அங்கே புளிப்புத் தன்மையைக் கூட்டி, அம்மோனியாவை இரத்தத்துக்குள் புக விடாமல் மலத்தோடு வெளியேற்றுகிறது. கணக்கு மறந்தவருக்கு வயிற்றுக்கு மருந்து கொடுத்தால் கணக்கு திரும்பி வருகிறது! பாவ்லோவின் நாய்களை நினைத்து, முன்பெல்லாம் இந்நோயாளிகளுக்குப் புரத உணவை அடியோடு குறைத்துவிடுவார்கள். அதனால் நோயாளி மெலிந்து மேலும் கெடுகிறார் என்று தெரிந்ததால், இன்று அப்படிச் செய்வதில்லை.

நம் வேலிகளிலும் குப்பைமேடுகளிலும் மஞ்சள் பூவோடு நிற்கும் பேயாவரைச் செடிக்கும் இந்தக் கதையில் ஓர் இடமுண்டு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் நாள்களில் சிறு குழந்தைகள் வாந்தியெடுத்து, நினைவிழந்து இறந்து கொண்டிருந்தார்கள். அதுவும் மூளைக்காய்ச்சல் என்றே பேசப்பட்டது. விளையாட்டாக இந்தச் செடியின் காய்களைப் பறித்து விதையைத் தின்றதே காரணமாகலாம் என்று 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்த நச்சு கல்லீரலையும் தசைகளையும் தாக்கி, மூளையையும் மயங்க வைத்திருந்தது. அந்த ஆய்விலும் ஜேக்கப் ஜானுக்குப் பங்கு உண்டு. தம்பி தங்கைகள் எதை வாயில் போடுகிறார்கள் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

மற்ற உறுப்புகளும் இப்படி மூளையைக் குழப்பவல்லவைதாம். சிறுநீரகம் பழுதானால் கழிவுகள் தேங்கும். நுரையீரல் பழுதானால் கரியமில வாயு தேங்கி, காலையில் தலைவலியும் பகலில் தூக்கமும் வரும். வைட்டமின் பி12 குறைந்தால் கால் மரத்து நடை தடுமாறும். தைராய்டு சுரப்பி மந்தமானால் சிந்தனையும் மந்தமாகும். "தாத்தாவுக்குச் சோடியம் குறைந்துவிட்டதாம், ஏதேதோ பேசுகிறார்" என்று வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போனால் மூளைச் செல்களுக்குள் நீர் புகும். கையோ காலோ வீங்க இடமுண்டு. மண்டையோடு என்ற மூடிய பெட்டிக்குள் மூளைக்கு ஏது இடம்?

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக் கொண்டு, சாப்பிட நேரமின்றிப் பேருந்து ஏறிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். வியர்த்துக் கொட்டுகிறது, நா குழறுகிறது, கேட்டதற்குக் கோபமாகப் பதில் சொல்கிறார், நிற்க முடியாமல் சாய்கிறார். சுற்றி நிற்பவர்கள் குடிகாரர் என்று முகம் சுளித்து இறக்கிவிடுவார்கள். அவருடைய மூளை கேட்பது இரண்டு கரண்டிச் சர்க்கரையைத்தான். விழுங்கும் அளவுக்கு உணர்வு இருந்தால் இனிப்பான எதையாவது கொடுக்கலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

அங்கே மருத்துவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நினைவின்றி வந்தவர் யாராக இருந்தாலும், மூச்சையும் நாடியையும் பார்த்த கையோடு விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார். சில நொடிகளில் ஒரு சிறு கருவி சர்க்கரையின் அளவைச் சொல்லிவிடும். மண்டைக்குள் படம் பிடிக்கும் பெரிய இயந்திரம் அடுத்த அறையிலேயே இருந்தாலும், அதன் முறை அதற்குப் பிறகுதான்.